நெடுந்தூர ஓட்டமும் தேக நலமும்

சென்ற கோடை விடுமுறையில் ஊரில் தங்கியிருந்த நாட்களில், விடியுமுன் எழுந்து ஏரிக்கரை வழியே ஐந்து மைல் ஓடித் திரும்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். ஒருநாள் வியர்வை சொட்டச் சொட்டத் திண்ணையில் வந்து அமர்ந்தபோது என் பாட்டியார், "ஏனப்பா, ஆண்டவன் அளந்து கொடுத்த மூச்சு இவ்வளவுதான் என்று இருக்க, அதை இப்படி ஓடி ஓடிச் செலவழிக்கிறாயே, இது என்ன புத்தி?" என்று கேட்டார். நான் நகைத்தேன், அவர் நகைக்கவில்லை. அவருடைய மூத்த மகனும் எனக்குத் தாய்மாமனுமாகியவர் நாற்பத்தாறாம் வயதில் மார்வலி கண்டு, வைத்தியரிடம் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் நீத்தார். மாமா ஓடியவர் அல்லர்; நாற்காலியைவிட்டு எழாத உத்தியோகம் பார்த்தவர். ஆயினும் இருதயம் என்பது எந்நேரத்திலும் நின்றுவிடக் கூடியது என்னும் அச்சம் அத்தாயின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

அன்று அவருக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் சென்னையில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொள்வதாக விடுதித் தோழர் மூவருக்கு நான் வாக்களித்திருந்தேன். ஆகவே, நெடுந்தூரம் ஓடுதல் தேகத்திற்கு நன்மையோ தீமையோ என்னும் இவ்விசாரணை எனக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. கல்லூரிக்குத் திரும்பியபின் இதுபற்றிப் படித்தறிந்தவற்றையே ஈண்டு எழுதலானேன்.

முதற்கண் பாட்டியாரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மனிதனுக்கு ஒரு நாளில் 21,600 மூச்சு என்பது நம் சித்தர் மரபிற் சொல்லப்படும் கணக்கு. நிமிடத்திற்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துப் பெருக்கினால் இத்தொகையே வருகின்றது. இக்கால வைத்திய நூலாரும் இதனை மறுக்கமாட்டார். இனி, மூச்சை விடுத்து இருதயத் துடிப்பை எண்ணிப் பார்ப்போம். உழைப்பில்லாத ஒருவனுடைய இருதயம் நிமிடத்திற்கு எழுபது முறை துடிக்குமானால் ஒரு நாளில் 1,00,800 துடிப்புகள் ஆகும். ஆண்டுக்கணக்கில் ஓடிப் பழகியவனுடைய இருதயமோ, ஓய்வாக இருக்கையில் ஐம்பது முறையே துடிக்கும். அவன் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடுவதாகவும், அப்போது துடிப்பு நிமிடத்திற்கு நூற்றைம்பதாக உயர்வதாகவும் கொள்வோம். அந்த ஒரு மணிக்கு 9,000, எஞ்சிய இருபத்து மூன்று மணிக்கு 69,000, ஆக 78,000. ஓடுகின்றவன் செலவாளி அல்லன். நாளொன்றுக்கு இருபத்தீராயிரத்திற்கு மேற்பட்ட துடிப்புகளை மிச்சம் பிடிப்பவன். துடிப்புகள் எண்ணி அளிக்கப்பட்டவை என்று நான் நம்பவில்லை. ஆனால் எண்ணி அளிக்கப்பட்டவையே என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு ஓட்டக்காரன் பக்கமே சாய்கின்றது.

இம்மாறுதல் எவ்வாறு நிகழ்கின்றது? இருதயம் ஒரு தசைப்பை. ஓய்வாயிருக்கும் தேகத்திற்கு நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் வேண்டும். பழக்கமில்லாத இருதயம் ஒரு துடிப்பில் எழுபது மில்லிலிட்டர் அளவே வெளித்தள்ளுவதால் எழுபது முறை துடிக்கவேண்டியதாகின்றது. நெடுநேரம் ஓடுங்கால் கால்களிலிருந்து மிகுதியான இரத்தம் திரும்பி வந்து இருதயத்தின் அறைகளை நிறைத்து விரிக்கின்றது. மாதக்கணக்கில் இவ்வாறு நிகழ, அறைகள் அகன்று சுவர்களும் வலுப்பெறுகின்றன. பின்னர் ஒரு துடிப்பிலேயே நூறு மில்லிலிட்டர் செல்லுமாதலின் ஐம்பது துடிப்புகளே போதுமானவை. வீட்டிற்கு நீர் கொணரச் சிறு செம்பை விடுத்துக் குடத்தை எடுத்தவள் கிணற்றடிக்குக் குறைந்த முறையே நடக்கின்றாள் அன்றோ? அது போன்றதே இது.

ஆயினும் ஓட்டத்தைக் குறித்த அச்சம் என் பாட்டியாருக்கு மட்டும் உரியதன்று. மாரத்தான் என்னும் பெயரே ஒரு சாவோடு இணைத்துப் பேசப்படுவது. கி.மு. 490-இல் மாரத்தான் வெளியிற் பாரசீகரை வென்ற செய்தியை ஏதென்ஸ் நகருக்கு ஓடிவந்து கூறிய கிரேக்க வீரன், கூறிய அக்கணமே வீழ்ந்து இறந்தான் என்பது எல்லோரும் கேட்ட கதை. ஆனால் அப்போரை விரித்தெழுதிய ஹெரொடோட்டஸ் இச்சாவினைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. போருக்கு முன் பிலிப்பிடீஸ் என்னும் தூதன் துணை வேண்டி ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவிற்கு ஏறத்தாழ 150 மைல் ஓடி, மறுநாளே சென்று சேர்ந்தான் என்றுமட்டும் அவர் எழுதியுள்ளார். வீழ்ந்திறந்த கதை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் நூல்களிற் காணப்படுவது. நூற்றைம்பது மைல் ஓடியும் நலமாயிருந்தவனை உலகம் மறந்து, இறந்ததாகச் சொல்லப்பட்டவனையே நினைவில் வைத்துக்கொண்டது!

வைத்தியர்களும் இவ்வச்சத்திற்கு விலக்கானவர் அல்லர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களின் படகுப் பந்தயம் அவர்கள் ஆயுளைக் குறைக்கின்றது என்று 1867-இல் லண்டனிலிருந்த அறுவை வைத்தியர் ஒருவர் பத்திரிகையிற் கண்டித்தெழுதினார். ஜான் மார்கன் என்னும் வைத்தியர் வாதம் செய்வதை விடுத்து, 1829 முதல் 1869 வரை அப்பந்தயத்திற் படகு தள்ளியவர் அனைவரையும் தேடிக் கணக்கெடுத்தார். 1873-இல் அவர் வெளியிட்ட நூலின் முடிபு, அவர்கள் ஏனையோரினும் சிறிது அதிகமாகவே வாழ்ந்தனர் என்பது. செல்வக் குடியிற் பிறந்த அம்மாணவரைப் பொதுமக்களோடு ஒப்பிடுதல் முற்றும் நேர்மையான அளவுகோல் அன்று. எனினும் அச்சத்திற்கு எண்ணிக்கையால் விடைதேடும் வழியை அவர் காட்டினார்.

ஓட்டக்காரருள் எனக்கு மிகவும் பிடித்தவர் கிளாரன்ஸ் டிமார் என்னும் அமெரிக்கர். 1888-இல் பிறந்த இவர் தொழிலால் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஓட்டத்தினாற் பொருள் ஈட்டியவர் அல்லர். 1911-ஆம் ஆண்டில் பாஸ்டன் மாரத்தான் தொடங்குமுன் ஒரு வைத்தியர் இவர் மார்பிற் குழல் வைத்துக் கேட்டார். இருதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது, இதுவே உமது கடைசிப் பந்தயமாக இருக்கட்டும் என்று எச்சரித்தார். டிமார் அன்று ஓடி வெற்றி பெற்றார். அதன்பின் அவ்வெச்சரிக்கை அவர் உள்ளத்திற் கிடந்து உறுத்தியது போலும். 1912-இல் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடியவர், பின்னர்ப் பல ஆண்டுகள் பாஸ்டன் பக்கம் செல்லாதிருந்தார். ஓடுதற்குரிய மிகச் சிறந்த பிராயம் இவ்வாறு கழிந்தது. பிறகு துணிந்து திரும்பி வந்து 1922, 1923, 1924, 1927, 1928, 1930 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வென்றார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. 1954-இல் அறுபத்தைந்தாம் வயதிலும் அதே பந்தயத்தை ஓடி முடித்தார்.

1958-இல் அவர் இறந்தது இருதய நோயால் அன்று, புற்றுநோயால். அவர் சடலத்தைச் சோதித்து, பால் டட்லி ஒயிட் என்னும் புகழ்பெற்ற இருதய வைத்தியரும் அவர் துணைவரும் 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இருதயத்திற்கே இரத்தம் ஊட்டும் குழாய்கள் சாதாரண மனிதருக்குள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்தன. அவற்றின் சுவர்களில் முதுமைக்குரிய படிவு சிறிது இருந்தபோதிலும், வழி அகலமாயிருந்தமையின் இரத்த ஓட்டம் தடைப்படவில்லை. 1911-இல் கேட்ட முணுமுணுப்பு, பயின்ற இருதயத்தின் இயல்பான ஒலியாகவே இருந்திருக்கவேண்டும். அவ்வைத்தியரை நான் குறை கூறமாட்டேன். அக்காலத்து அறிவு அவ்வளவே. ஆனால் பெரிய குழாய்கள் ஓட்டத்தால் வந்தனவா, அல்லது பிறவியிலேயே அவை வாய்த்தமையால் அவர் ஓட்டக்காரர் ஆனாரா என்று கேட்பவர்க்கு ஒரு மனிதருடைய சடலம் விடை கூறாது.

டிமாரின் வரலாறு பலருக்கு மிதமிஞ்சிய நம்பிக்கையை அளித்துவிட்டது. மாரத்தான் தூரத்தை ஓடி முடிக்க வல்லவனுக்கு இருதயக் குழாய் அடைப்பு வாராது என்று 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் தாமஸ் பாஸ்லர் என்னும் அமெரிக்க வைத்தியர் உறுதியாகக் கூறிவந்தார். தென்னாப்பிரிக்க வைத்தியராகிய டிம் நோக்ஸ் முதலியோர், மாரத்தான் ஓடியவர் சிலரின் சடலங்களிற் கண்ட குழாய் அடைப்புகளை 1979-இல் எடுத்துக்காட்டி அக்கொள்கையை முறியடித்தனர். ஆனால் ஏடுகளைப் படியாத பொதுமக்களுக்கு இவ்வுண்மையை உணர்த்தியது ஜிம் ஃபிக்ஸ் என்பவரின் மரணமே.

ஃபிக்ஸ் 1977-இல் ஓட்டத்தைப்பற்றி எழுதிய நூல் பல இலட்சம் படிகள் விற்று, அமெரிக்க மக்களைத் தெருவிற்கு இறக்கி ஓடவைத்தது. அவரோ முப்பத்தைந்தாம் வயதுவரையில் ஏறத்தாழ நூறு கிலோ எடையுடன், நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டுப் புகைத்துவந்தவர். அவருடைய தந்தையார் நாற்பத்து மூன்றாம் வயதில் மாரடைப்பால் இறந்தவர். ஃபிக்ஸ் புகையை விட்டார், ஓடினார், எடை குறைந்தது, தேகம் மெலிந்து உறுதிபெற்றது. 1984-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில், வெர்மான்ட் நாட்டுப்புறச் சாலையொன்றில் தனியே ஓடிக்கொண்டிருக்கையில் வீழ்ந்து இறந்தார். சடலத்தைச் சோதித்தபோது இருதயக் குழாய்கள் மூன்றும் பெரிதும் அடைபட்டிருந்தமை தெரியவந்தது. அதற்குச் சில மாதங்களுக்குமுன், ஓடும்போது இருதயம் எவ்வாறு இயங்குகின்றது என்று சோதித்துப் பார்க்கலாம் என வைத்திய நண்பர் ஒருவர் அழைத்தும் அவர் இணங்கவில்லையாம்.

இச்செய்தியை முதன்முறை படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாற்பத்து மூன்றில் இறந்த தந்தை. நாற்பத்தாறில் இறந்த என் மாமா. ஓட்டம் ஃபிக்ஸைக் கொன்றது என்று சொல்வார் உண்டு. தந்தையினும் ஒன்பது ஆண்டுகள் அதிகமாக வாழவைத்தது என்று சொல்வாரும் உண்டு. இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். அவருக்குக் கேடு விளைத்தது, நன்றாக ஓடமுடிகின்றதே, இனி உள்ளே நோய் இருக்க இடமில்லை என்று கருதிய அவ்வெண்ணமே என்பது என் கருத்து.

ஒருவர் இருவர் வரலாற்றை விடுத்துப் பெருந்தொகையினரின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடைபெற்ற மாரத்தான், அரை மாரத்தான் பந்தயங்களில் ஓடியவர் 1 கோடியே 9 இலட்சம் பேர். அவர்களுள் ஓட்டத்தின்போதோ, முடிந்த ஒரு மணி நேரத்திற்குள்ளோ இருதயம் நின்றவர் 59 பேர். இறந்தவர் 42 பேர். ஏறக்குறைய 1,84,000 பேருக்கு ஒருவர் என்பது 2012-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியின் கணக்கு. முழு மாரத்தானில் இவ்விபத்து அரை மாரத்தானைவிடப் பன்மடங்கு. பெண்களைவிட ஆண்களுக்கே மிகுதி. இறந்தவரிற் பலருக்கு இருதயத் தசை பிறவியிலேயே தடித்திருக்கும் நோய் இருந்தது. பிழைத்தவரைப் பிழைக்கவைத்தது பெரும்பாலும், அருகே நின்றவர் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்தமையே. நம் மாணவர் ஒவ்வொருவரும் அம்முதலுதவியைக் கற்றுக்கொண்டால் நன்று.

இறந்தவரை எண்ணியாயிற்று, வாழ்ந்தவரையும் எண்ணவேண்டும். கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், ஐம்பது வயதைக் கடந்த ஓட்டச் சங்கத்தினர் 538 பேரையும், ஓடாத 423 பேரையும் 1984 முதல் தொடர்ந்து கவனித்தனர். இருபது ஆண்டுகள் அளவில் ஓடாதவருள் நூற்றுக்கு 34 பேர் இறந்திருந்தனர். ஓடியவருள் நூற்றுக்கு 15 பேரே. உயிரோடிருந்தவருள்ளும், பிறர் உதவியின்றி எழவும் நடக்கவும் இயலும் காலம் ஓடியவர்க்குப் பல ஆண்டுகள் நீண்டிருந்தது. ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று ஊரார் கூறுவதையும் இவர்கள் ஆராய்ந்தனர். ஓடியவரின் மூட்டுகள் ஓடாதவருடையவற்றைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கவில்லை. அடிபட்ட மூட்டினர், மிகுந்த பருமனுடையோர் நிலை வேறு.

இங்கே ஓர் ஐயம் எழும். ஓடுவதால் நலம் வந்ததா, நலமுள்ளவனே ஓடுகிறானா? லண்டன் பேருந்துகளைப்பற்றிய ஒரு வரலாறு இதற்கு நல்ல சான்று. ஜெரி மாரிஸ் என்பார் 1953-இல், அமர்ந்தே வண்டியோட்டுபவரைவிட, மாடிப் பேருந்தில் நாள் முழுதும் படியேறி இறங்கும் நடத்துனர்க்கு இருதய நோய் குறைவு என்று காட்டினார். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அவரே, அவர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவைச் சேகரித்துப் பார்த்தார். ஓட்டுநர்கள் பணியிற் சேரும்போதே பருத்த இடையினர் என்று தெரிந்தது. தம் கொள்கைக்குத் தாமே தடை கண்டு அதனை அச்சிட்டும் வெளியிட்ட அவரது நேர்மையை எண்ணி வியக்கின்றேன். ஓட்ட ஆராய்ச்சிகளில் புகைத்தல், எடை, முன்னைய நோய் முதலியவற்றைக் கழித்தே கணக்கிடுகின்றனர். கழித்த பின்னரும் நன்மை எஞ்சுகின்றது. ஆனால் அதன் அளவு சொல்லப்படுவதைவிடச் சிறிது குறைந்திருக்கலாம் என்று கொள்வதே அறிவுடைமை.

அங்ஙனமாயின் எவ்வளவு ஓடவேண்டும்? 2014-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சி 55,137 பேரைச் சராசரி பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஓடுவோருக்கு மரணம் நூற்றுக்கு முப்பது பங்கும், இருதய நோயால் நேரும் மரணம் நாற்பத்தைந்து பங்கும் குறைந்திருந்தன. வியப்பு யாதெனில், வாரத்திற்கு ஆறு மைலுக்குக் குறைவாக, மெதுவாக ஓடியவர்க்கும் இந்நன்மையின் பெரும்பகுதி கிட்டியது என்பதே. நாள்தோறும் ஐந்து பத்து நிமிடங்கள் போதும்! மாரத்தான் தூரமாகிய 26 மைல் 385 கெஜம், தேக நலத்தைக் கருதி எவரும் வகுத்ததன்று. 1908-இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்திற்காக அளந்த பாதை 1921-இல் நிலையான விதியாயிற்று, அவ்வளவே.

மிகுதியாக ஓடுதல் தீமையோ என்பதில் இன்றும் வழக்கு முடியவில்லை. வேகமாகவும் அடிக்கடியும் ஓடுவோர் ஓடாதவரைப் போன்றே இறக்கின்றனர் என்று கோபன்ஹேகனிலிருந்து 2015-இல் ஒரு செய்தி வந்து, செய்தித்தாள்கள் பறையறைந்தன. அவ்வகுப்பில் இருந்தவர் ஐம்பதின்மருக்கும் குறைவு, இறந்தவர் இருவர். இருவர் சாவைக்கொண்டு கோட்டை கட்டலாகாது. இதனினும் கருதத்தக்கது ஸ்வீடன் நாட்டில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்திற் கலந்துகொண்டோர் ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்டவரைக் குறித்து 2013-இல் வெளியான ஆராய்ச்சி. பன்முறை பங்கு கொண்டவர்க்கும் விரைவாக முடித்தவர்க்கும் பிற்காலத்தில் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் சற்று மிகுந்திருந்தது. மாரத்தான் ஓடி முடித்தவரின் இரத்தத்தில், இருதயத் தசை வருந்துங்கால் வெளிப்படும் ஒரு பொருள் சில நாட்கள் மிகுந்திருந்து பின் தணிகின்றது என்பதும் அறியப்பட்டதே. ஆகவே, வாரந்தோறும் சில மைல் ஓடுவது தேகத்திற்கு. இருபத்தாறு மைல் ஓடுவது மனத்தின் வேட்கைக்கு. வேட்கை இழிவானதன்று, ஆனால் அதனை மருந்து என்று பெயரிட்டு அழைத்தல் பொருந்தாது.

நம் நாட்டில் ஓடுவோர் இருதயத்தினும் முதன்மையாக அஞ்சவேண்டியது வெப்பத்தை. ஓடும் தசைகள் பெருவெப்பத்தை உண்டாக்குகின்றன. அதனை வெளியேற்றும் வழி வியர்வை ஆவியாதல். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழியுமேயன்றி உலராது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில், போர்த்துகல் நாட்டுத் தச்சராகிய பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலிற் சுருண்டு வீழ்ந்து மறுநாள் இறந்தார். தோல் கருகாதிருக்க அவர் உடலெங்கும் கொழுப்பைப் பூசியிருந்தார் என்றும், அதனால் வியர்வைக்கு வழி அடைபட்டது என்றும் கூறுவர். குளிர்நாட்டிலேயே அவ்வாறாயின், நம் சித்திரை வெயிலைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை. சென்னையில் ஜனவரி மாதத்திலும் இருள் பிரியுமுன் ஓட்டத்தைத் தொடங்கிவிடுவது இதுபற்றியே.

இதற்கு மாறாக, நீரை அளவின்றிக் குடிப்பதும் கேடு. 2002-ஆம் ஆண்டுப் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு உப்பின் அளவு தாழ்ந்திருந்தது. நீரை மிகக் குடித்து, ஓடும்போதே எடை கூடியவர்க்கே இது பெரும்பாலும் நேர்ந்தது. உப்புத் தாழ்ந்தால் மூளை வீங்கும். உயிர்க்கும் இறுதி நேரலாம். தாகம் எடுத்தபோது குடித்தலே தகுந்த விதி.

இவற்றையெல்லாம் படித்தபின், குடும்ப வரலாற்றை மறையாது சொல்லி வைத்தியர் ஒருவரிடம் என்னைச் சோதித்துக்கொண்டேன். சுழலும் பட்டையின்மேல் ஓடவைத்து இருதயத்தின் இயக்கத்தைப் பதிவுசெய்தார். இரத்தத்திலுள்ள கொழுப்பை அளந்தார். இப்போதைக்குக் குறை காணவில்லை என்றும், முப்பது வயதிற்குள் மறுமுறை வந்து காட்டவேண்டும் என்றும் கூறினார். தோழர் மூவரிடமும் சொல்லி, வரும் ஜனவரியில் அரைத் தூரமே ஓடுவது என்று முடிவுசெய்துள்ளேன். அவர்களுள் ஒருவர் என்னைக் கோழை என்றார்; மற்ற இருவரும் மறுநாளே வைத்தியரிடம் சென்றுவந்தனர்.

துடிப்புக் கணக்கைப் பாட்டியாருக்கு ஒரு கடிதமாக எழுதினேன். தம்பி அதனைப் படித்துக் காட்டினானாம். நாளொன்றுக்கு இருபத்தீராயிரம் மிச்சம் என்பதை இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கணக்கு இருக்கட்டும், வைத்தியர் பார்த்துவிட்டாரா என்று கேள், ஓடிவிட்டு வந்தால் மோரில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொல்" என்று எழுதச் செய்திருந்தார்.